மெஸ்னா: மூன்று வேளையும் ஊசியா, பாதியில் மாத்திரைக்கு மாறலாமா?

ஐஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தை எழுதுகிற மருத்துவர், அதற்கு அடுத்த வரியிலேயே மெஸ்னா என்று இன்னொன்றையும் எழுதுவார். மெஸ்னா புற்றுநோயை ஒன்றும் செய்யாது. மூத்திரப்பையைக் காப்பது ஒன்றுதான் அதற்கு வேலை. அதை மூன்று வேளையும் நரம்பு வழியாக ஊசியாகவே போடலாம்; முதல் வேளை மட்டும் ஊசி, மீதி இரண்டு வேளை மாத்திரை என்றும் கொடுக்கலாம். பாளையங்கோட்டைக்கு வந்து கீமோ ஏற்றிக்கொண்டு திசையன்விளைக்கோ பாபநாசத்துக்கோ திரும்ப வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகலாமா, வார்டில் தங்க வேண்டுமா என்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவாகிறது.

மருந்தாளுநராக இருக்கிற என்னிடம் இரண்டு கேள்விகள் மாறி மாறி வரும். "மாத்திரையிலயே முடியும்னா எதுக்கு தம்பி பிள்ளை கையைக் குத்துதாவ?" என்று ஒரு அம்மா கேட்பார். அடுத்து வருகிறவர், "மாத்திரை போட்டா ஊசி அளவுக்குக் கேக்குமா?" என்பார். இரண்டுமே சரியான கேள்விகள். விடை ஓரளவுக்கு மருந்து உடலில் சேரும் விதத்தில் இருக்கிறது. மிச்சம் நோயாளியின் வாந்தியிலும், அவர் வீடு எவ்வளவு தூரம் என்பதிலும் இருக்கிறது.

முதலில், எதற்கு இந்தக் காவல் என்று பார்த்துவிடலாம். ஐஃபாஸ்ஃபமைடு உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை உடைக்கிறது. புற்றுநோய் செல்லைத் தாக்கும் பொருளும் அதிலிருந்துதான் வருகிறது, அக்ரோலின் என்ற கழிவும் அதிலிருந்துதான் வருகிறது. அக்ரோலின் சிறுநீரோடு இறங்கி மூத்திரப்பையில் தேங்கும்போது உட்சுவரை அரித்துப் புண்ணாக்கும். எரிச்சல், அடிவயிற்று வலி, நிமிடத்துக்கொரு தடவை முட்டிக்கொண்டு வருவது, கடைசியில் சிறுநீரில் இரத்தம். சிலருக்கு அது கட்டி கட்டியாகவே வரும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மெஸ்னாவில் இருக்கும் கந்தகப் பகுதி அக்ரோலினைப் பிடித்துக்கொண்டு அதை வீரியமற்றதாக்கிவிடுகிறது. ஜெர்மனியின் ஆஸ்டா நிறுவனத்தில் நார்பெர்ட் ப்ராக்கும் அவருடைய குழுவினரும் ஐஃபாஸ்ஃபமைடையும், அதே இனத்தைச் சேர்ந்த சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தையும் உருவாக்கினார்கள். அதே குழு பிறகு அவற்றின் தீங்குக்கு மாற்றாக மெஸ்னாவையும் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஐஃபாஸ்ஃபமைடுக்கும் மெஸ்னா ஊசிக்கும் 1988இல் ஒன்றாகவே அனுமதி கிடைத்தது. மாத்திரைக்கு 2002இல்தான் கிடைத்தது.

இந்த மருந்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது வேலை செய்கிற இடம். நரம்பில் ஏறிய மெஸ்னா இரத்தத்தில் மெஸ்னாவாக நீடிப்பதில்லை. இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து டைமெஸ்னா என்ற செயலற்ற பொருளாகிவிடுகின்றன. அந்த நிலையில் அது உடல் முழுக்கச் சுற்றினாலும் கீமோவின் வேலையைக் கெடுக்காது. சிறுநீரகத்துக்கு வந்ததும் அங்கிருக்கும் செல்கள் அதில் ஒரு பங்கை மறுபடியும் மெஸ்னாவாக மாற்றிச் சிறுநீரில் விடுகின்றன. இரத்தத்தில் உறங்கிக்கொண்டு போய் மூத்திரப்பை வாசலில் விழித்துக்கொள்ளும் காவல்காரன் மாதிரி. இதனால்தான் கீமோவின் பலன் குறையாமல் மூத்திரப்பை மட்டும் தப்பிக்கிறது.

ஆனால் இந்தக் காவல் நெடுநேரம் நிற்காது. ஊசியாகப் போட்ட மெஸ்னாவின் அரை ஆயுள் சுமார் 22 நிமிடம், டைமெஸ்னாவுக்கு 70 நிமிடம். அதாவது அந்த நேரத்துக்குள் இரத்தத்தில் இருப்பது பாதியாகிவிடும். ஐஃபாஸ்ஃபமைடோ மணிக்கணக்கில் உடலில் இருந்து அக்ரோலினை விட்டுக்கொண்டே இருக்கும். வழக்கமான அளவிலேயே அதன் அரை ஆயுள் சுமார் 7 மணி நேரம், பெரிய அளவில் 15 மணி நேரம் வரை போகும். ஆகவே ஒரு தடவை போட்டுவிட்டு நிறுத்த முடியாது. ஐஃபாஸ்ஃபமைடு ஆரம்பிக்கும்போது ஒன்று, 4ஆம் மணி நேரத்தில் ஒன்று, 8ஆம் மணி நேரத்தில் ஒன்று என்பதுதான் ஊசி முறை. ஒவ்வொரு தடவையும் ஐஃபாஸ்ஃபமைடு அளவில் 20 சதவீதம்.

சரி, மாத்திரைக்கு வருவோம். விழுங்கிய மாத்திரை முழுவதும் உள்ளே சேராது. ஊசியாகப் போட்டால் சிறுநீருக்கு வந்து சேரும் மெஸ்னாவோடு ஒப்பிட்டால், வாய் வழியாகக் கொடுத்தது 45 முதல் 79 சதவீதம் வரைதான் வந்து சேர்கிறது. ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம். அதனால்தான் மாத்திரையின் அளவு இரட்டிப்பு: ஒவ்வொரு வேளையும் 20க்குப் பதில் 40 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மிகக் குறைவாகச் சேருகிறவருக்கும் 40இல் 45 சதவீதம் என்றால் 18 வந்துவிடுகிறது. நன்றாகச் சேருகிறவருக்கு 31க்கு மேல். ஊசி கொடுக்கும் 20க்குக் கிட்டத்தட்ட சமம், அல்லது அதற்கும் மேலே. "மாத்திரை கேக்குமா" என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் நான் தாளில் எழுதிக் காட்டுவது.

நேரமும் மாறும். ஊசி போட்ட முதல் மணி நேரத்திலேயே மருந்து சிறுநீரில் நிறைய இறங்கிவிடும். மாத்திரை குடலில் கரைந்து, இரத்தத்தில் சேர்ந்து, சிறுநீரகத்தை எட்ட நேரமாகும்; இரத்தத்தில் அது உச்சத்தைத் தொடவே ஒன்றரை மணி முதல் 4 மணி நேரம் வரை ஆகலாம். அதற்காகத்தான் மாத்திரையை 4, 8ஆம் மணி நேரங்களில் கொடுக்காமல் 2, 6ஆம் மணி நேரங்களில் கொடுக்கிறார்கள். முதல் வேளை ஏன் எப்போதும் ஊசி என்பதும் இதிலேயே விளங்கும். அக்ரோலின் வரத் தொடங்கும்போது காவல் அங்கே ஏற்கெனவே நிற்க வேண்டும். மாத்திரைக்கு அந்த வேகம் கிடையாது.

தாமதத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. மெதுவாகச் சேருவதால் மாத்திரை மெதுவாகவே வெளியேறவும் செய்கிறது. ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கு 12 மணி நேரம் கழித்துச் சிறுநீரில் மெஸ்னா அநேகமாக இல்லை. ஊசியோடு மாத்திரையும் எடுத்தவர்களுக்குக் கொடுத்த மருந்தில் சுமார் 5 சதவீதம், 12ஆம் மணியிலிருந்து 24ஆம் மணி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. ராத்திரி தூங்கும்போது சிறுநீர் மணிக்கணக்கில் உள்ளேயே தங்குமே, அந்த நேரத்துக்கு இது உதவி. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்ற கவலையும் வேண்டாம். உணவால் சிறுநீரில் சேரும் அளவு மாறுவதில்லை.

ஆக, உடலில் சேரும் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் மாத்திரை தோற்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊசிதான் உசத்தி, மாத்திரை என்றால் ஏழைக்குக் கொடுத்து அனுப்புவது என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது. சளிக்குக்கூட "ஒரு ஊசி போட்டுவிடுங்க" என்று கேட்கிற ஊர் இது. மெஸ்னா விஷயத்தில் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

மாத்திரை தோற்கிற இடம் வேறு. வாந்தி.

ஐஃபாஸ்ஃபமைடு குமட்டல் தரும் மருந்து. மாத்திரை போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை மறுபடியும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊசியாகப் போட வேண்டும். இதுதான் விதி. வார்டில் இருந்தால் கவலையில்லை. நரம்பில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய் கையில் இருக்கும், செவிலியரிடம் சொன்னால் ஊசியாகப் போட்டுவிடுவார். இதே வாந்தி நாங்குநேரி தாண்டிப் போகிற பஸ்ஸில் வந்தால்?

ஒரு நாளை மணி வாரியாகப் பிரித்துப் பார்ப்போம். காலை 10 மணிக்கு ஐஃபாஸ்ஃபமைடு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி முறையில் மெஸ்னா காலை 10, மதியம் 2, மாலை 6. கடைசி ஊசி முடிந்து, சலைனும் இறங்கி, கையைக் கட்டிவிட்டு வெளியே வர இருட்டிவிடும். திசையன்விளைக்குப் போகிறவர் ராத்திரிப் பயணம் போக வேண்டும் அல்லது தங்க வேண்டும். மாத்திரை முறையில் காலை 10க்கு ஊசி, 12க்கு முதல் மாத்திரை, 4 மணிக்கு இரண்டாவது. 12 மணி மாத்திரையை மருத்துவமனையில் போட்டுவிட்டு 2 மணி வரை அங்கேயே இருந்தால், அந்த வேளைக்கான வாந்தி நேரம் கண்காணிப்பிலேயே கழிந்துவிடும். அதற்கப்புறம் பஸ் ஏறினால் 4 மணிச் சுமாருக்கு வீடு. இரண்டாவது மாத்திரையை வீட்டில் போடலாம். ஆபத்தான நேரம் என்றால் 4 முதல் 6 வரைதான். 12 மணி மாத்திரையைப் போட்ட கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுதான் நான் பார்க்கிற பெரிய தவறு. அந்த இரண்டு மணி நேரத்தைக் காத்திருக்கத்தான் வேண்டும்.

அளவும் சொல்லிவிடுகிறேன், உதாரணத்துக்கு. உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு ஐஃபாஸ்ஃபமைடு சதுர மீட்டருக்கு 1.2 கிராம் வீதம் என்றால் ஒரு நாளைக்கு 1,800 மில்லிகிராம். ஊசி முறையில் மெஸ்னா ஒரு வேளைக்கு 360, மூன்று வேளைக்கு 1,080. கலந்து கொடுத்தால் முதல் ஊசி 360, பிறகு 720 வீதம் இரண்டு வேளை மாத்திரை, மொத்தம் 1,800. 400 மில்லிகிராம் மாத்திரை என்றால் வேளைக்கு ஏறக்குறைய இரண்டு. "ஊசியில கொஞ்சமா எழுதுதாவ, மாத்திரையில இவ்வளவு எழுதிட்டாவளே" என்று பயந்து ஒன்றைக் குறைத்துப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து குறைக்காதீர்கள். அந்த இரட்டிப்புதான் மாத்திரையை ஊசிக்குச் சமமாக்குகிறது.

பஸ்ஸில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வாந்தியைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மெஸ்னா எந்த வழியில் போனாலும், நோயாளி நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டராவது குடிக்கச் சொல்வோம்; வெயில் காலத்தில் அது வியர்வைக்கே பாதி போய்விடும். வார்டில் சலைன் இறங்குகிறது, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறது. பஸ்ஸில் ஏறப்போகிற பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். வழியில் இறங்க இடமில்லை, பேருந்து நிலையக் கழிப்பறைக்குள் நுழைய முடியவில்லை, அதனால் அடக்கிக்கொண்டே வீடு வரை வருவார்கள். கீமோ நாளில் இப்படி அடக்கினால் அக்ரோலின் மூத்திரப்பைச் சுவரிலேயே ஊறிக்கொண்டு இருக்கும். எவ்வளவு நல்ல மாத்திரை கொடுத்தாலும் அது பாதி வீண். இது அந்தப் பெண்களின் குற்றம் இல்லை. ஆனால் மாத்திரையா ஊசியா என்று முடிவெடுக்கும்போது இதையும் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். முடிந்தால் கீமோ நாட்களில் மட்டும் ஒரு வண்டி பேசிக்கொள்ளுங்கள், அல்லது பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். ஐஃபாஸ்ஃபமைடு பெரும்பாலும் தொடர்ந்து சில நாட்கள் ஏற்றப்படுவது. தினமும் போய் வருவது உடம்பு நன்றாக இருப்பவருக்கே கஷ்டம்.

குடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் பதநீரும் நுங்கும் கிடைக்கிற காலத்தில், "இதைவிடக் குளிர்ச்சி உண்டா" என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில் திறந்த பானையில் வந்த பதநீர், ரோட்டோரக் கரும்புச்சாறு, ஐஸ் போட்ட பானங்கள் வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், வீட்டில் போட்ட மோர், கஞ்சித் தண்ணி போதும். தூங்கப் போகும் முன் ஒரு தடவையும், நடு ராத்திரி எழுந்து ஒரு தடவையும் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள்.

எல்லா மருந்துக் கடையிலும் மெஸ்னா மாத்திரை இருக்கும் என்று எண்ணாதீர்கள். முன்கூட்டியே சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். மாத்திரை இல்லாத இடத்தில் ஊசி மருந்தையே வாய்வழி குடிக்கக் கொடுப்பதும் உண்டு. அது அழுகின முட்டை மாதிரி நாறும், கந்தகம் அல்லவா. அதனால் கோலா பானத்திலோ பழச்சாற்றிலோ பாலிலோ கலந்து குடிக்கவைப்பார்கள். சின்னப் பிள்ளைகள் இதைக் குடித்துவிட்டு, மணத்துக்கே வாந்தி எடுத்துவிடுவார்கள். பிள்ளை இரண்டு தடவை இப்படி மறுத்துவிட்டால் நான் ஊசியையே சிபாரிசு செய்வேன். ஏற்கெனவே குமட்டலில் கிடக்கிற பிள்ளையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மாத்திரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாத நோயாளிகளும் இருக்கிறார்கள். ஊசியும் மாத்திரையும் கலந்த இந்தக் கணக்கு, ஐஃபாஸ்ஃபமைடு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிராமுக்கு மேல் போகும்போது சரியாக வேலை செய்யும் என்று நிறுவப்படவில்லை. எலும்புப் புற்றிலும் தசைப் புற்றிலும் அதற்கு மேலே போவது சாதாரணம். அவர்களுக்கு ஊசிதான், அல்லது முதலில் ஒரு டோஸ் நரம்பில் போட்டுவிட்டுப் பிறகு டிரிப்ஸில் தொடர்ச்சியாக ஏற்றுவது. ஐஃபாஸ்ஃபமைடு 24 மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது மெஸ்னாவையும் அதே பாட்டிலில் கலந்துவிடலாம். கீமோ முடிந்த பிறகும் 12 முதல் 24 மணி நேரம் மெஸ்னாவைத் தொடர்வார்கள். சிஸ்பிளாட்டின் என்ற வேறொரு கீமோ மருந்து இருக்கும் பாட்டிலில் மட்டும் இதைக் கலக்கக்கூடாது. இப்படிப்பட்டவர்கள் வீட்டுக்குப் போகும் பேச்சை அந்த நாட்களில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

லூபஸ் என்ற, உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்க்காக மாதம் ஒரு தடவை சைக்ளோபாஸ்ஃபமைடு ஏற்றிக்கொள்கிறவர்களும் இதே கேள்வியோடு வருவார்கள். அங்கே அளவும் சிறிது, அக்ரோலினும் குறைவு. மெஸ்னா கொடுப்பதா வேண்டாமா என்பதிலேயே மருத்துவர்களிடையே வழக்கம் வேறுபடுகிறது. கொடுத்தால் மாத்திரை பெரும்பாலும் போதும்.

என் கருத்தைக் கேட்டால், முதல் சுற்றை மூன்று ஊசியாகவே முடிப்பது நல்லது. அந்தச் சுற்றில் வாந்தி எப்படி இருக்கிறது, வாந்தியை அடக்கும் ஆண்டன்செட்ரானும் டெக்ஸாமெத்தசோனும் போட்டால் அடங்குகிறதா, எவ்வளவு தண்ணீர் குடிக்க முடிகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். வாந்தி அடங்கி, அளவு 2 கிராமுக்குள் இருந்து, வீட்டில் கூட ஒரு ஆளும் இருந்தால், இரண்டாம் சுற்றிலிருந்து மாத்திரைக்கு மாறுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. நரம்பு கிடைக்காமல் தினமும் குத்துப்படுகிறவர்களுக்கும், வேலைக்குப் போகும் ஒரே மகன் துணைக்கு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கும் அது பெரிய ஆறுதல். வாந்தி அடங்காதவர், சொன்ன நேரத்துக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்க ஆளில்லாத முதியவர், இரவில் வாகனம் கிடைக்காத ஊர்க்காரர் ஆகியோர் ஊசியோடு இருக்கட்டும்.

மாறுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. இரண்டு வேளை மாத்திரைக்கும் சரியான மணி நேரம். வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்கக் கூடுதலாக ஒரு வேளை மாத்திரை. இரண்டாவது தடவையும் வாந்தி வந்தால் போக வேண்டிய மருத்துவமனை எது என்பது; உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மெஸ்னா ஊசி இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள், இல்லையென்றால் ஊசி மருந்தையும் சீட்டையும் கையில் கொடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டில் சிகிச்சை எடுப்பவர்கள், வெளியே வாங்கும் மாத்திரை அதற்குள் வருமா என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் அன்றே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மெஸ்னாவை எந்த வழியில் எடுத்தாலும் அது எல்லோரையும் முழுதாகக் காப்பதில்லை. சிலருக்கு அப்படியும் இரத்தம் வரும். அதனால் ஒவ்வொரு நாளும் ஐஃபாஸ்ஃபமைடு தொடங்கும் முன் காலைச் சிறுநீரைச் சோதனைக்குக் கொடுங்கள். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிறக் கீமோ மருந்தும் சேர்ந்து ஏற்றியிருந்தால் ஒன்றிரண்டு நாளைக்குச் சிறுநீர் சிவப்பாகத்தான் போகும், அது அந்த மருந்தின் நிறம். ஆனாலும் நீங்களாக அப்படி முடிவு செய்துகொள்ளாமல் சோதித்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று: மெஸ்னா எடுக்கும் நாட்களில் சிறுநீரில் குச்சியை நனைத்துப் பார்க்கும் சோதனை, கீட்டோன் என்ற பொருள் இல்லாதபோதும் அது இருப்பதாகத் தவறாகக் காட்டலாம். சோதனைக்கூடத்தில் மெஸ்னா எடுப்பதைச் சொல்லுங்கள். நோயாளி திடீரென்று குழம்பிப் பேசினாலோ, எழுப்ப முடியாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, அது ஐஃபாஸ்ஃபமைடு மூளையைத் தொட்டதாக இருக்கலாம். அதற்கு மெஸ்னாவால் எதுவும் செய்ய முடியாது. விடியும் வரை காத்திராமல் உடனே கிளம்பி வாருங்கள்.